சிவப்பு வாளிப் பாரம்

எங்கள் சனசமூக நிலையத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி நிர்வாக சபை என்னிடம் கேட்டது. புதிய உடற்பயிற்சி மண்டபம் திறக்கப் போகிறார்கள், விழாவில் அதை நானே வாசிக்க வேண்டுமாம். எனக்கு எழுத வரும், இல்லாததையும் சேர்த்து எழுத இன்னும் நன்றாக வரும் என்று ஊருக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த இரண்டு பக்கத்தில் மச்சானின் பெயர் எத்தனை இடத்தில் வரும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒரு வயது மூப்பு. நெஞ்சைப் பார்த்தால் இரட்டைக் கதவு சாத்தியது மாதிரி இருக்கும். பின்னேரங்களில் நிலையத்தில் அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். ஊர் இளைஞர்கள் அவருக்குப் பின்னால் தாராக் குஞ்சுகள் மாதிரி வரிசையாகப் போவார்கள். நான் போனால் பலகையில் காய் சுண்டிக் கரம் விளையாடுகிறவர்கள் நகர்ந்து இடம் தருவார்கள். அது மரியாதையில் அல்ல, என் வயிறு பலகையில் முட்டும் என்ற பயத்தில்.

என் மனைவியும் கிழமைக்கு மூன்று நாள் காலையில், பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில், அங்கே போகிறாள். திரும்பி வந்து என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு அளவுநாடா இருக்கும்.

"அண்ணனப் பாருங்க. அவரும் இதே சோத்தத்தான் தின்னுறார்."

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்காது. இரண்டாந்தரம் போட்டால் இறங்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மச்சானை நான் வென்றவன். நிலையத்தின் உள்சுவரில் இன்றைக்கும் ஒரு பலகை தொங்குகிறது. "முதலாவது பாரம் தூக்கும் வீரர்" என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயர். அவர் பெயர் இல்லை. எத்தனையோ எரிச்சலான நாட்களில் அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்று ஆறுதல் பட்டிருக்கிறேன்.

அந்தப் பலகையின் கதையைத்தான் நான் வரலாற்றில் எழுதாமல் விட நினைத்தேன்.

அப்போது நிலையம் என்பது வாவிக்கரையில் தகரம் போட்ட ஒற்றை அறை. இரண்டு பத்திரிகை, ஒரு கரம் பலகை, அதைச் சுற்றிப் பதினைந்து பேர். முறை வருவதற்குள் பொழுது பட்டுவிடும். முறை கிடைக்காத இரண்டு பேர், நானும் அவரும், உடம்பு வளர்க்கலாம் என்று முடிவெடுத்தோம். அப்போதே அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், அதனால்.

இரும்புப் பாரம் வாங்க வழியில்லை. மேசன்மார் எறிந்துவிட்டுப் போன பெயின்ற் வாளி நாலு, தண்ணீர்க் குழாய்த் துண்டு இரண்டு. குழாயின் ஒரு முனையை வாளிக்குள் நிறுத்திச் சீமெந்துக் கலவையை ஊற்றி, இறுகிய பிறகு தலைகீழாகத் திருப்பி மற்ற முனையையும் அப்படியே செய்தால் பாரம் தயார். வாளியைக் கழற்றவில்லை, அப்படியே விட்டோம். அவருடையதற்கு நீலம் பூசினோம், என்னுடையதற்குச் சிவப்பு. சித்திரைப் புதுவருச விளையாட்டுப் போட்டியில் அவரவர் வார்த்ததை அவரவர் தூக்குவது என்று பேச்சு.

அவர் கலவை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் என் வாளிகளைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். முன்வரிசையில் அவருடைய தங்கச்சி குடையோடு இருப்பாள் என்பதை நினைத்தேன். எனக்குப் பயம் பிடித்தால் மூளை நன்றாக வேலை செய்யும், அதுதான் என் கேடு. தோணித்துறையில் உடைந்த மீன் பெட்டி ஒன்று கிடந்தது. ஐஸ் கரையாமல் இருக்க வைக்கிற, பஞ்சு மாதிரிக் கனமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி. அதை உடைத்து அன்றைக்கு ஒரு வாளியிலும், திருப்பிய நாளில் மற்றதிலும் திணித்தேன். மேலே நாலு விரல் கனத்துக்குச் சீமெந்து பூசினேன். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, மணந்து பார்த்தால்தான்.

போட்டி நாளில் மச்சான் நீலத்தை நாலு தரம் தூக்கினார். ஐந்தாவதை நெஞ்சோடு விழுத்தினார். சனம் சிரித்தது. நான் சிவப்பைப் பன்னிரண்டு தரம் தூக்கினேன். பன்னிரண்டாவதைக் குடையைப் பார்த்தபடி தூக்கினேன். குடை ஒரு பக்கம் சரிந்தது. மறு வருசம் கலியாணம்.

சிவப்பை யாரும் தொடக்கூடாது, அது வீரரின் பாரம் என்று நானே ஒரு சட்டம் போட்டேன். மச்சானும் ரோசக்காரர். "அதத் தொடுறதுக்குத் தகுதி வரட்டும்" என்று சொல்லிவிட்டு, பின்னேரம் தவறாமல் நீலத்தோடு மல்லுக்கட்டினார். நான் நிம்மதியாகக் கரம் விளையாடினேன்.

சண்டையில் ஊர் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது தகரம் இல்லை, கரம் பலகை இல்லை, யன்னலும் இல்லை. சுவரில் என் பலகையும் நிலத்தில் இரண்டு பாரமும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றை யார் தூக்கிக்கொண்டு போவது? பிறகு ஒரு மாரியில் வாவி ஊருக்குள் வந்து போனது. அந்தத் தரம் நீலம் அசையவில்லை. சிவப்பு மட்டும் அறையைத் தாண்டி வேலியோரம் போய்க் கிடந்தது. "வெள்ளம் பொல்லாததுகா" என்று முதல் ஆளாகச் சொன்னவன் நான்.

இப்போது நிர்வாக சபைக்கு ஒரு யோசனை வந்தது. திறப்பு விழாவில் பழைய போட்டியாளர்கள் இருவரும் பழைய பாரத்தை மறுபடி தூக்கிக் காட்டினால் எப்படி இருக்கும்? எல்லாருக்கும் அருமையாக இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. எவனாவது ஒருவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் பலகை போய்விடும். பலகை போனாலும் பரவாயில்லை. என் மனைவி என்னிடம் மெச்சிய ஒரே ஒரு விஷயம் அந்தப் பன்னிரண்டு தரம்தான்.

பழைய கூட்டக் குறிப்புப் பார்க்க என்று பூட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு, விழாவுக்கு முதல்நாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் போனேன். சிவப்பை முப்பது காலடித் தூரம் கொண்டுபோய் வாவிக்குள் போட்டால் கதை முடியும். குனிந்தேன். பிடித்தேன். முழங்கால் வரைக்கும் வந்தது. அங்கே முதுகில் ஏதோ ஒன்று "டிக்" என்றது. பாரம் இறங்கிவிட்டது, நான் நிமிரவில்லை. பாதி றெஜிபோம் நிரப்பிய பாரத்தை என்னால் தூக்க ஏலாமல், அரைவாசி மடிந்தபடி நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து, பாரங்களுக்குப் புதுசாகப் பெயின்ற் பூசத் தூரிகையோடு மச்சான் வந்தார்.

"என்னகா மச்சான், கும்பிடுறியா?"

"தூசி தட்ட வந்தன்."

"தூசி தட்டுறதுக்கு முக்கிறது ஏன்?"

என்னைச் சுவரோடு சாத்திவைத்துவிட்டு, சிவப்பை ஓரமாக வைக்க ஒரு கையால் எடுத்தார். நின்றார். மற்றக் கையால் நீலத்தை எடுத்தார். மறுபடி சிவப்பு.

"மச்சான், இதுக்குள்ள என்ன?"

"சீமெந்து."

"மறுகா?"

"மறுகாவும் சீமெந்துதான்."

"மறுகா?"

"...மீன் பெட்டி."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அவர் நிலத்தில் இருந்துகொண்டார்.

"நாலு தரம். ஊரே சிரிச்சது. அந்த வெக்கத்திலதான்கா நான் ஒரு நாளும் விடாம வந்தன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நெஞ்சு நான் வார்த்தது. என் களவில் எனக்குக் கிடைத்தது ஒரு பலகை, அவருக்குக் கிடைத்தது அந்த உடம்பு. இப்படி ஒரு அநியாயம் எங்காவது உண்டா?

அவர் எழும்பித் தூரிகையை எடுத்தார். "நாளைக்கு நான் சிவப்பு. நீ நீலம்."

"எனக்கு ஏலாதுகா மச்சான்!"

"அப்ப வரலாற்றில எழுது."

எழுதினேன். விழாவில் மனைவி முன்வரிசையில் இருந்தாள், இந்தத் தரம் குடை இல்லை. மீன் பெட்டி உடைத்த இடத்திலிருந்து ஒன்றும் விடாமல் வாசித்தேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "எங்கட வீரருக்கு எப்பவும் பகிடிதான்" என்று ஒலிவாங்கியில் சொன்னார் தலைவர். ஒருவரும் நம்பவில்லை. ஆயுள் முழுக்கப் புழுகியவன் உண்மை சொன்னால் அதுவும் புழுகில்தான் சேரும்போல.

மச்சான் மேடையேறி, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சிவப்பை ஒரே கையால் தலைக்கு மேல் உயர்த்தினார். கைதட்டில் புது மண்டபம் அதிர்ந்தது. "ஒத்தக் கையாலகா!" என்று யாரோ கத்தினார்கள். நான் களவை ஒப்புக்கொண்டதற்கும் கைதட்டு அவருக்கு!

சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள். கூட்டம் கலைந்த பிறகு அவள் எழும்பி வந்து, சிவப்பைப் பிடித்து இடுப்புவரைக்கும் தூக்கினாள். இறக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் கலியாணம் முடிச்சது மீன் பெட்டியையா?"

கையிலிருந்த இரண்டு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"நீலத்த நாலு தரம் தூக்கிப்போட்டு வாங்க. மறுகாக் கதைப்பம்" என்றாள்.

அதனால் இப்போது பின்னேரங்களில் நானும் நிலையத்துக்குப் போகிறேன். மச்சான் பக்கத்தில் நின்று எண்ணுவார். "ஒண்டு" என்பார். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. மூன்று மாதமாக அந்த ஒன்றிலேயே நிற்கிறேன். நீலத்தை இறக்கி வைக்கும்போது ஒவ்வொரு நாளும் அதே நினைப்புத்தான் வருகிறது. இன்றைக்குப் பக்கத்தில் நிற்கிற இந்த மச்சானை விடுங்கள். அன்றைக்குக் கரம் விளையாட முறை கிடைக்காத, ஒரு பயிற்சியும் இல்லாத அந்த ஒல்லிப் பொடியன், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இதை நாலு தரம் தூக்கியிருக்கிறான். சுத்தமாக, முழுச் சீமெந்தோடு.

அவனை நினைத்தால்தான் இப்போது அதிகம் எரிகிறது.