அரசர் ஞாயிறும் சேற்றுப்புண்ணும்

யோகத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து ஆண்டுகள் மருத்துவ நிலையங்களில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு ஓய்வு பெற்ற தாதி. சிங்கப்பூரில் ஆங் மோ கியோ வட்டாரத்தில் தனியாக இருந்தார். தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் உத்தியோகத்துக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். குரலைத் தாழ்த்திப் பேசுவதுதான் அந்த வீட்டு வழக்கம். யோகத்துக்கு மட்டும் அது இன்றுவரை வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேக்கா கடைத்தெருவுக்குப் பக்கத்திலிருந்த தங்கள் தேவாலயத்தின் முன்வாசலில் இரண்டு பேசின்களை வைப்பார். வெந்நீர், உப்பு, துண்டு, மருந்து. விடுமுறை நாளில் அங்கே வரும் கட்டுமானத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் உட்காருவார்கள். வாரம் முழுக்க ஈர பூட்ஸுக்குள் கிடந்த கால்கள். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துச் சேற்றுப்புண்ணாகியிருக்கும். யோகம் முக்காலியில் உட்கார்ந்து கழுவித் துடைத்து மருந்து போட்டுவிடுவார். மூன்று வருடமாக நடக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

நவம்பரில் ஒருநாள் சபைக் குழுவின் செயலாளர் தர்மிகன் வந்தான். ஞாயிறு பள்ளியில் அவரிடம் படித்தவன்தான்.

“ஆன்ட்டி, வர்ற சண்டே கிறிஸ்து அரசர் ஞாயிறு. பிஷப் வர்றாரு. சர்வீஸ் முடிஞ்சு வாசல்லதான் டீ. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பின்னாடி வெச்சுக்குங்க லா.”

“பின்னாடின்னா எங்க?”

“குப்பைத்தொட்டி பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு. டென்ட் போட்டுத் தர்றோம்.”

“வேற எந்த வாரம் கேட்டிருந்தாலும் யோசிச்சிருப்பேன். அன்னைக்கு முடியாது.”

“ஏன் ஆன்ட்டி?”

“அரசர்னு நீங்க யாரைச் சொல்றீங்க? இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு சீடர்களோட காலைக் கழுவுனாரே, அவரைத்தானே? அவருக்கு விழா எடுக்க, கால் கழுவுற பேசினைக் குப்பைத்தொட்டிகிட்டக் கொண்டு போகணுமா?”

“கமிட்டி டிசைட் பண்ணிட்டாங்க.”

“அப்ப கமிட்டியே வந்து தூக்கட்டும். தண்ணி சூடா இருக்கும், பாத்துத் தூக்கச் சொல்லு.”

அந்த ஞாயிறு மழை கொட்டியது. கூரை போட்ட முன்வாசலில் சிவப்புக் கம்பளம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கோப்பைகள். கடைசிப் பாட்டு முடியும் முன்பே யோகம் வெளியே வந்து, கம்பளத்தை ஒட்டி முக்காலியைப் போட்டுவிட்டார். முதல் ஆளாக வந்தவர் ரெங்கசாமி. ஈசூன் பக்கம் ஒரு கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் தோல் பிய்ந்து சதை தெரிந்தது.

பேராயரும் குழுவினரும் வாசலுக்கு வந்தார்கள். தர்மிகன் பேராயரை வேறு பக்கம் திருப்பப் பார்த்தான். யோகத்துக்கு ரத்தம் கொதித்தது. ரெங்கசாமியின் காலைத் தண்ணீரிலிருந்து கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “பிஷப் ஐயா! இதைக் கொஞ்சம் பாருங்க. இந்தக் காலைத்தான் இவங்க குப்பைத்தொட்டிகிட்ட அனுப்பச் சொன்னாங்க!” என்றார்.

வாசலில் நின்ற ஐம்பது அறுபது பேர் அந்தக் காலைப் பார்த்தார்கள். ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார். பேராயர் முகம் சிவக்க, “அப்படிச் செய்யக் கூடாது, கண்டிப்பாகச் செய்யக் கூடாது” என்றார். தர்மிகன் தலைகுனிந்தான். ஜெயித்துவிட்டோம் என்று யோகத்தின் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது.

ரெங்கசாமி காலை உருவிக்கொண்டு, ஈரத்தோடு செருப்பை மாட்டினார்.

“அம்மா, அவங்ககூட சண்டை போடணும்னா உங்க வாயால போடுங்க. என் காலைத் தூக்கிக் காட்டாதீங்க.”

மருந்துகூடப் போட்டுக்கொள்ளாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் யோகம் நாலு முறை அவருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. குழுவிடம் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. துண்டைக் கட்டிக்கொண்டது இயேசுவைப் போலத்தான். ஆனால் சீடரின் காலை ஊருக்குத் தூக்கிக் காட்டியவர் அவர் அல்லவே என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பேசினை எடுக்கவில்லை. தொழிலாளர்கள் கூடும் திடலுக்குப் போய்த் தேடினார். ரெங்கசாமி நண்பர்களோடு பிளாஸ்டிக் விரிப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் யோகம் சொன்னார்: “தப்பு என்னுதுதான். உங்களை நான் மனுஷனா நினைக்கல. என் கட்சிக்குச் சாட்சியா நினைச்சுட்டேன்.”

ரெங்கசாமி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். “உக்காருங்க. சாப்டீங்களா?”

“நான் வீட்ல போய்…”

“எங்க காலைத் தொடுவீங்க, எங்க சோத்தைத் தொட மாட்டீங்களா?”

யோகம் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பொட்டலத்திலிருந்து பாதியைப் பிரித்து வைத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களிடமிருந்து அவர் வாங்கிக்கொண்ட முதல் பொருள் அதுதான். மீன் குழம்பு காரம் கண்ணில் நீர் வரவைத்தது.

“பேசினைப் பின்னாடியே வெச்சுக்கலாமா? உங்களுக்கு எது வசதியோ அதைச் சொல்லுங்க” என்று யோகம் கேட்டார்.

“எதுக்குப் பின்னாடி போகணும்? திருடவா வர்றோம்? முன்னாடியே இருக்கட்டும்” என்றார் ரெங்கசாமி. “ஆனா நடுவுல ஒரு திரை போடுங்க. எங்க காலை யாருக்குக் காட்டணும்னு நாங்க பாத்துக்கறோம்.”

அடுத்த வாரம் கம்பி கட்டும் கைகள் பத்தே நிமிடத்தில் திரையை நிறுத்திவிட்டன. நீலத் தார்ப்பாய், நான்கு குழாய்கள். தர்மிகன் ஓடி வந்தான்.

“ஆன்ட்டி, இதுக்குக் கமிட்டி அப்ரூவல் வேணும்.”

“கேளுப்பா. நிதானமா கேளு. அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்.”

“பிடிவாதம் ஆன்ட்டி உங்களுக்கு.”

“எனக்கு மட்டும் இல்ல. இதை நட்டவங்ககிட்டயும் கேட்டுப் பாரு.”

தர்மிகன் திரும்பிப் பார்த்தான். ரெங்கசாமி குழாயில் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

குழு அந்த விஷயத்தை இரண்டு முறை ஒத்திவைத்திருக்கிறது. திரைக்குப் பின்னால் யோகம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் எந்தக் காலையும் தொடும் முன் நிமிர்ந்து, “கழுவட்டுமா?” என்று கேட்கிறார். சிலர் வேண்டாம், நானே கழுவிக்கிறேன் என்கிறார்கள். அவர்களிடம் துண்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.