பூட்டிய கேட்டும் வாசிக்காத தாளும்

முனிரத்தினம் சார் இறந்த செய்தி நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் லாரி தாமதமாக வரும் என்ற அறிவிப்புக்குக் கீழே அதுவும் ஓர் அறிவிப்பாகக் கிடந்தது. அதற்கும் கீழே டி பிளாக்கிலிருந்து ஒருவர், "ஆம்புலன்ஸ் பின்கேட்டில் நின்றதை யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார். யாரும் பதில் எழுதவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரான நானும் எழுதவில்லை.

அவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அரசு அலுவலகத்தில் இருந்தபோது தேர்தல்தோறும் வாக்குச்சாவடி வேலைக்குப் போனவர். ஓய்வு பெற்றதும் வைட்ஃபீல்டுக்கு வந்து, நம் டி பிளாக்கின் சின்ன வீடுகளில் ஒன்றை வாங்கியவர். சங்கத் தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவர்தான். எப்படி மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நான் வரிசை வாக்கு என்றேன்: வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவது, கடைசியில் வருபவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, ஒருவர் பாதியைத் தாண்டும்வரை எண்ணுவது. அவர் விகிதாசாரம் என்றார்: எந்த அணிக்கு எவ்வளவு வாக்கோ, அவ்வளவு இடம்.

ஆண்டு விழாச் சிற்றுண்டிக்கு என் முறையில் வாக்கெடுத்துப் பார்த்தோம். இட்லி முதலில் வெளியேறியது. அதன் வாக்குகள் பொங்கலுக்குப் போய், பொங்கல் வென்றது. நான் பெருமையோடு அவரைப் பார்த்தேன். "ஒரு டிபன் எடுக்கணும்னா உங்க கணக்கு சரி மேடம். அஞ்சு பேரை உக்கார வெக்கணும்னா? அஞ்சு தட்டுலயும் பொங்கலே வெச்சிடுவீங்க. அவ்ளோதான், ஆயித்து," என்று கன்னடத்தில் முடித்தார். நான் சிரித்தேன். வீட்டில் சொல்லியும் சிரித்தேன்.

பொதுக்குழு நாளன்று அவர் தம் திட்டத்தை இரண்டு பக்கம் எழுதி என்னிடம் கொடுத்தார். கூட்டம் பார்க்கிங் சண்டையிலேயே நீண்டுவிட்டது. நேரமில்லை என்று தாளைக் கோப்பில் செருகிவிட்டு, என் திட்டத்தை மட்டும் வாக்குக்கு விட்டேன். டி பிளாக்காருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். எதிராக எழுந்தது அவருடைய கை ஒன்றுதான்.

தேர்தலில் நிர்வாகக் குழுவின் ஐந்து இடங்களுக்கும் தனித்தனியாக ஐந்து முறை எண்ணினோம். மற்ற மூன்று பிளாக்குகளிலும் சேர்த்து அறுபது வீடுகள், டி பிளாக்கில் நாற்பது. ஐந்து முறையும் அந்த அறுபது வீட்டார் விரும்பியவர்களே பாதியைத் தாண்டினார்கள். நாற்பது வீட்டுக்கு ஓர் ஆள்கூட இல்லை. எண்ணிக்கையில் பிழையே இல்லை. நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.

புதிய குழு பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பின்கேட்டைப் பூட்டியது. டி பிளாக்குக்குப் பக்கத்தில் இருப்பது அது ஒன்றுதான் என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. நான் இருந்தேன், ஆனால் அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் முனிரத்தினம் சார் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "கேட்டைப் பூட்டுனா இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகாது மேடம்," என்றார். சற்று நின்று, "இன்னைக்கு," என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு டி பிளாக்கைக் கடக்கும்போதெல்லாம் வேகமாக நடப்பேன்.

இறந்த அன்று காலை அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் நேராகப் பின்கேட்டுக்கு வந்தது. சாவி முன்கேட் காவலரிடம் இருந்தது. அவர் ஓடி வருவதற்குள் வண்டி முன்கேட்டுக்குப் போகத் திரும்பி, ஆபீஸ் நேர நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அவர் மனைவி சரோஜா அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறார். நேற்று படியேறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடுகிறது. கேட்டைத் திறக்க எத்தனை கைகள் எழும் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த இரண்டு பக்கத் தாள் மட்டுமே. அவர் போன பிறகுதான் அதைப் பிரித்துப் படித்தேன். மேல் ஓரத்தில், அலுவலகக் குறிப்பு எழுதும் அதே சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "செயலாளருக்கு நேரம் இருந்தால் வாசிக்கவும்."