ஹாஸ்டலில் ஒரு பெண்

பத்மா சென்னைக்குப் போய் எம்.ஏ. உளவியல் சேர்ந்தபோது, அது என்ன படிப்பு என்று அவளுடைய அப்பா சிங்காரத்துக்கு விளக்கிச் சொல்ல வரவில்லை. திருத்தணி பஜாரில் யாராவது கேட்டால், "டாக்டர் மாதிரிதான். ஊசி மட்டும் போட மாட்டாங்க" என்பார்.

மலையடிவாரத்துத் தெருவில், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் அவருக்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. லுங்கி நெய்து விற்று இரண்டு பெண்களை வளர்த்தார். மூத்தவள் பத்மா, இளையவள் சந்திரா. சந்திரா எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுகொண்டு கொட்டகையில் நூல் சுற்றினாள். அக்கா மேலே படிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டவளும் அவள்தான். "நைனா, அவ வேலயும் நானே பாத்துக்கறேன். அவ போவட்டும்" என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் டிரங்குப் பெட்டியை ரயிலடி வரைக்கும் சுமந்து வந்ததும் சந்திராதான்.

முதல் வருஷம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் வருஷம், மழைக்காலத்தில், பத்மாவால் காலையில் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கண் விழித்ததும் நெஞ்சின்மேல் எதையோ தூக்கி வைத்தது போலிருக்கும். அப்படியே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு வகுப்புக்குப் போவதையும் நிறுத்தினாள்.

மனச்சோர்வின் அறிகுறிகளை அவள் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள். அது தனக்கே வந்திருக்கிறது என்று மட்டும் தோன்றவில்லை. தான் சோம்பேறியாகிவிட்டதாகவும், தங்கை உழைப்பில் தின்றுகொண்டு படுத்திருப்பதாகவும்தான் தோன்றியது. அந்த எண்ணமும் புத்தகத்தில் இருந்த அறிகுறிதான்.

அறையில் உடனிருந்தவள் மதுரைப் பக்கத்துப் பெண், கணக்குப் படித்தவள். ஒருநாள் தலை வாராமல் கிடந்த பத்மாவைப் பார்த்து, "எந்திரி. நூலகத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் தொறந்திருக்காங்கல்ல, மாணவருக்கு ஆலோசனைன்னு போர்டு போட்டு. அங்க போவோம்" என்றாள்.

"நான் அதைத்தாண்டி படிக்கிறேன். நானே போய் உக்காந்தா சிரிக்க மாட்டாங்களா?"

"பல் டாக்டருக்குப் பல்லு வலி வராதாக்கும்?"

அந்த அறையில் ஞானம்மாள் என்ற ஆசிரியை இருந்தார். வகுப்பு இல்லாத நேரங்களில் அங்கே வந்து உட்காருவார். வருகிறவர்கள் குறைவு. பத்மா அவர் எதிரில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பது போலப் பேசத் தொடங்கினாள். "இந்த மாதிரி நிலையில நோயாளிக்குத் தூக்கம் கெடும், பசி குறையும்..."

ஞானம்மாள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நோயாளி இருக்கட்டும்மா. உனக்கு என்ன பண்ணுது?" என்றார்.

பத்மா அழுதாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஞானம்மாள் குறுக்கே பேசவில்லை, தேற்றவும் இல்லை. மணியடித்ததும் தன் வகுப்புக்கு வேறொருவரை அனுப்பச் சொல்லிவிட்டு, மீண்டும் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு அவரே அழைத்துப் போனார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது வாயை வறட்டியது. பத்மா எங்கே போனாலும் தண்ணீர் கூஜாவோடு போனாள். வாரந்தோறும் ஞானம்மாளிடம் போய்ப் பேசினாள். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பங்குனி பிறந்த பிறகு ஒரு காலை, மெஸ்ஸில் வரிசையில் நின்றபோது, காபி வாசனைக்காகத் தான் காத்திருப்பதை அவளே கவனித்தாள். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தாள்.

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் சமயம் ஞானம்மாள் ஒன்று சொன்னார். "வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைம்மா. உனக்குத் திரும்ப வந்தா அவங்களுக்குப் புரியணும். அங்க வேற யாருக்காவது வந்தாலும் புரியணும்."

"சரிங்க மேடம்" என்றாள் பத்மா. மனதாரத்தான் சொன்னாள்.

வீட்டு வாசலில் அம்மா கன்னியம்மாள் அவளைப் பார்த்ததும் பதறினாள். "இன்னாடி இது, இப்டி எளைச்சுப் போய் வந்து நிக்கிறே?"

"மஞ்சக்காமாலை வந்துச்சும்மா. சொன்னா பயப்படுவீங்கன்னுதான் எழுதல."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது. கன்னியம்மாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து தினமும் கொடுத்தாள். பத்மா அதை முகம் சுளிக்காமல் குடித்தாள். இரவில் பக்கத்தில் படுத்திருந்த சந்திராவிடமாவது சொல்லலாம் என்று நினைத்தாள். சந்திரா ஹாஸ்டல் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மெரினா, பஸ், சினிமா எல்லாம் சொன்னாள் பத்மா. இதைச் சொல்லவில்லை.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் வரனும் வந்தது. பையன் சென்னையில் அரசாங்க வேலை. பேச்சு கூடி வந்துகொண்டிருந்தபோதுதான் சந்திரா படுத்தாள்.

பத்மா ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தபோது, சந்திரா சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். கொட்டகையில் தறிகள் ஓடின. நூல் சுற்ற வேறு ஆள் வைத்திருந்தார்கள்.

"ஆடியிலருந்து இப்டித்தான். துன்ன மாட்றா, பேச மாட்றா. சும்மா படுத்துகினே கீறா" என்றாள் கன்னியம்மாள்.

பத்மா தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சந்திரா, காலையில எழுந்தா எப்டி இருக்குது?"

சந்திரா திரும்பவில்லை. "நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அதே வார்த்தையைப் பத்மா ஞானம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினாள். இது மனசுக்கு வருகிற நோய், மாத்திரை இருக்கிறது, சென்னைக்கு அழைத்துப் போகிறேன் என்றாள். சிங்காரம் பொறுமையாகக் கேட்டார்.

"நீ படிச்சவ. ஆனா, புஸ்தகத்துல இருக்கற பேரயெல்லாம் நம்ம வூட்டுப் பொண்ணுக்கு வெக்காதேம்மா" என்றார். "பைத்தியம்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா ரெண்டு பேருக்கும் கல்யாணம் இல்ல."

"பைத்தியம் இல்ல நைனா. சரியாவற நோய்தான்."

கன்னியம்மாள் மகள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீ பாத்துகீறியா? இப்டிப் படுத்துட்டு, அப்பறம் எழுந்து நல்லா ஆனவங்க யாரயாச்சும் கண்ணால பாத்துகீறியா?"

அடுத்த வாரம் பையன் வீட்டார் தட்டு மாற்ற வருகிறார்கள்.

"பாத்திருக்கேம்மா. ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு."

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"தெரியலம்மா."

"அதான்" என்று கன்னியம்மாள் எழுந்துபோய் அடுப்பை மூட்டினாள்.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்வை பார்க்கிறவர் இருக்கிறார் என்று சந்திராவை அங்கே கூட்டிப் போனார்கள். அவர் வேப்பிலை அடித்து, ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார்கள். சந்திரா மலையேறினாள், கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். மாசங்கள் போக, நோய் தானாகவே கொஞ்சம் இறங்கியது. எழுந்து நடமாடினாள், கேட்டால் பதில் சொன்னாள். வேண்டுதல் பலித்தது என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குள் பத்மாவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. கணவனிடமும் அவள் சொல்லவில்லை.

சந்திராவை மணவூர் மணவாளனுக்குக் கொடுத்தார்கள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை, சாதுவான மனிதன். ஒரு வருஷத்தில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த கையோடு நோய் திரும்பி வந்தது, முன்னைவிடக் கடுமையாக. குழந்தை அழுதால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பால் கட்டி மார்பு வீங்கினாலும் சொல்வதில்லை.

ஒருநாள் மணவாளன் அவளை ரயிலேற்றித் திருத்தணிக்கு அழைத்து வந்தான். குழந்தை வரவில்லை. சிங்காரத்தின் எதிரில் தலைகுனிந்து நின்றான்.

"மாமா, நான் அடிச்சதில்ல, திட்னதில்ல. அவ என்னப் பாக்க மாட்றா, புள்ளயப் பாக்க மாட்றா. கைப்புள்ளய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? கொஞ்ச நாளு இங்க இருக்கட்டும். புள்ள எங்கம்மாகிட்ட இருக்குது."

கொஞ்ச நாள் என்றது வருஷமாயிற்று. பிறகு அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று செய்தி வந்தது. ஊரில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

பத்மா தன் கல்லூரியில் மாணவிகளுக்காக ஓர் அறை கேட்டு வாங்கி, ஞானம்மாள் செய்தது போலவே அங்கே உட்கார ஆரம்பித்திருந்தாள். எண்பத்தேழில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு மாணவி அவளெதிரில் உட்கார்ந்து, "எனக்கு மட்டும்தான் மேடம் இப்டி. இது உங்களுக்குப் புரியாது" என்றாள்.

"எனக்கு வந்திருக்குதும்மா. உன் வயசுலதான்" என்றாள் பத்மா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தடையில்லாமல் பேசினாள். அவள் போன பிறகுதான் பத்மாவுக்கு அது உறைத்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு ஒரு நிமிஷத்தில் சொல்ல முடிந்ததைத் தன் வீட்டில் சொல்லாமலேயே வைத்திருந்தாள். அம்மாவுக்கு இனிமேல் சொல்லவும் முடியாது. கன்னியம்மாள் முந்தின தையில் போய்விட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போனாள். சந்திரா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பத்மா ஈரப் புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுவரைப் பார்த்துக் கிடந்தது, மாத்திரை, மஞ்சள்காமாலைப் பொய், எல்லாம்.

சந்திரா புடவையைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டாள்.

"இது எப்போ? நான் படுக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"அப்போ அன்னிக்கு என் பக்கத்துல தெரிஞ்சேதான் உக்காந்துகினு இருந்தியா?"

"ஆங்."

சந்திரா வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். "உலகத்துலயே நான் ஒருத்திதான் இப்டின்னு நெனச்சிகினு இருந்தேங்க்கா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நோவு போவாட்டியும், அந்த நெனப்பாவது போயிருக்கும்."

மறுவாரமே சென்னையில் டாக்டரிடம் காட்டினார்கள். சிங்காரமும் கூட வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் பத்மா அவருக்கும் சொன்னாள். "அப்பவே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனான்னு எனக்கே தெரியலம்மா. ஒங்கம்மா நம்பியிருப்பா" என்றார் கிழவர்.

மாத்திரை கேட்டது. அடுத்த சித்திரைக்குள் சந்திரா கொட்டகை வேலைக்குத் திரும்பிவிட்டாள். தேறியவள் முதலில் கேட்டது பிள்ளையைத்தான். பத்மா மணவூருக்கு அழைத்துப் போனாள். மணவாளன் வாசலில் நாற்காலி போட்டான். அவன் புது மனைவி, மரியாதையான பெண், காபி கொடுத்துவிட்டுப் பையனை முன்னால் தள்ளி, சந்திராவைக் காட்டி, "பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு" என்றாள். பையன் கைகூப்பிவிட்டு அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சந்திரா அந்த முறையைத் திருத்தவில்லை. கொண்டுபோன பலகாரத்தைக் கொடுத்துவிட்டு, அவன் விழுந்த பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போய்வர மணவாளன் தடை சொல்லவில்லை. பத்மா கணவனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார். கல்லூரியில் ஒவ்வொரு ஜூனிலும் முதல் வகுப்பில் அவள் தன் நோயைப் பற்றித் தானே சொல்லத் தொடங்கினாள். பெற்றோர் சிலர் முதல்வரிடம் போய்க் குறை சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை. ஆனால் அந்த மாணவிகளின் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம், இதைக் கேட்டிருக்க வேண்டியவள் அம்மா, இவர்களில் ஒருத்தியல்ல என்று அவளுக்குத் தோன்றும்.

சிங்காரம் காலமான பிறகு, தறிகளை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று பத்மா தங்கையை வற்புறுத்தினாள். மாடியில் தனியறை இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம், நானும் பக்கத்திலேயே இருப்பேன் என்றாள்.

சந்திரா கோபமாகச் சொல்லவில்லை. "வேணாங்க்கா. இங்கயிருந்துன்னா மணவூரு கிட்ட" என்றாள்.