பெற்றவள் இன்னும் தொடவில்லை

செய்தி வந்தபோது நான் கையுறை மாட்டி மேசைப் பக்கம் நின்றிருந்தேன். பித்தப்பை ஆபரேஷன். கதவுக்கு வெளியே யாரோ வந்து பேசிவிட்டுப் போனது தெரிந்தது. மயக்க மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல் முடிந்து, நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகுதான் கூட இருந்த நர்ஸ் சொன்னாள்: “சொர்ணம் அக்கா, ஜெசிந்தா சிஸ்டர் போயிட்டாங்க. காலைல உவரி சர்ச்சுல பூசை முடிஞ்சு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அப்புறம் எந்திரிக்கவே இல்லையாம்.” அரை மணி நேரமாக அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. கோபம் வந்தது. மேசையில் ஆள் படுத்திருக்கும்போது வேறு பேச்சு கூடாது என்று எங்களை எல்லாம் பழக்கியவரே அவர்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் இருவரும் பத்தொன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், உவரிக் கடற்கரைக்காரர். நான் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்து வயல்காட்டுக்காரி. குழம்புக்குத் தேங்காய் அரைப்பதிலிருந்து ஜன்னலை எந்தப் பக்கம் திறப்பது என்பது வரை சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் ஓயாமல் போட்ட சண்டை ஒன்றுதான். அது தாலியைப் பற்றியது. எங்களோடு வேலை பார்த்த நீங்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும்.

தியேட்டருக்குள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவியால், நகை இருக்கும் இடத்தில் தோல் பொசுங்கிவிடும். வளையல், கம்மல், மெட்டி எல்லாவற்றையும் பெண்கள் கழற்றித் தந்துவிடுவார்கள். தாலி என்று வந்ததும் கை நின்றுவிடும். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்பதற்கு அழாதவள் அதற்கு அழுவாள். ஜெசிந்தா அக்கா இதற்கென்று ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளை நூலை மஞ்சளில் நனைத்து, வீட்டு மாடியில் காயப்போட்டு, அளவாக நறுக்கிக் காகிதத்தில் மடித்து, ஆபரேஷன் துணிகளோடு ஆட்டோகிளேவில் வைத்து அவித்து எடுப்பார். தங்கத்தைக் கழற்றும் முன் அந்த நூலை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுப்பார். அவள் முதலில் நூலைக் கட்டிக்கொண்டு, பிறகு தாலியைத் தானே கழற்றித் தருவாள். அக்கா தன் கையால் யார் கழுத்திலிருந்தும் கழற்றி நான் பார்த்ததில்லை.

எனக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கிருமி போக அவித்த மஞ்சள் கயிற்றை இந்த உலகத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலாவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். “படிச்ச நாமளே இப்படி ஊக்கங் குடுத்தா இவளுவ எப்பக்கா திருந்துவாளுவ?” என்றேன் ஒருநாள். அவர் நூலை மடித்துக்கொண்டே சொன்னார்: “அவ கழுத்து, அவ பயம். நமக்கு வேண்டியது வயிறுதானட்டி.”

இத்தனைக்கும் அவர் கழுத்தில் தாலி கிடையாது. அவருக்கும் கோயிலில் வைத்துத் தாலி கட்டித்தான் கல்யாணம் நடந்தது. தியேட்டர் வேலைக்கு வந்த சில மாதங்களிலேயே அதைப் பீரோவில் வைத்துவிட்டார். மாமியார் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை எங்களிடம் அப்படியே நடித்துக் காட்டுவார்: “உம்ம மவன் வலைல மாட்டும்னு மோதிரத்தக் களத்தி வச்சிருக்காரு. அவரு பொழப்புக்கு ஒரு நியாயம், எம் பொழப்புக்கு ஒரு நியாயமா?” அப்படிப்பட்டவர் மற்றவர்களுக்கு மட்டும் எதற்குக் கயிறு திரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

விளங்கியது, நான் ஒரு தப்பு செய்த அன்று. களக்காட்டுப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம். குடல்வால் வெடித்து, மதியம் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். புது மஞ்சள் கயிற்றில் கோத்த தங்கத் தாலி, முடிச்சு இறுகிக் கிடந்தது, தலை வழியாகவும் வரவில்லை. அக்கா அன்று பக்கத்து அறையில் இருந்தார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டேன். அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேச அவளுக்கு நேரம் இருக்கவில்லை, அதற்குள் மயக்கம் கொடுத்தாயிற்று.

பிழைத்துவிட்டாள். ஆனால் வார்டில் மாமியார் ஒப்பாரி வைக்காத குறை. “அறுத்துட்டீயளே, மூணு மாசத்துல அறுத்துட்டீயளே” என்று சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “வயித்தையுந்தான் அறுத்தோம். அதப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே” என்றேன். அதன் பிறகு அந்த வார்டில் என்னென்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

மறுநாள் காலையில் அக்கா அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மாமியாரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பெண்ணிடம், “உனக்கு இப்ப வேணுமா, வீட்டுக்குப் போயிக் கட்டிக்கிடுதியா? இல்ல, கொஞ்ச நாளு கழிச்சுப் பாப்பமா?” என்று கேட்டார். அந்தப் பெண் இப்பவே என்றாள். புருஷனைக் கூப்பிட்டு நூலைக் கொடுத்தார். மாமியார் நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்றார். “பதினொன்னரைக்கு எனக்குத் தியேட்டர் இருக்கு பெரியம்மா. அதுக்குள்ள ஒரு நல்ல நேரமாப் பாத்துச் சொல்லுங்க” என்றார் அக்கா. பதினொன்றே காலுக்கு நல்ல நேரம் கிடைத்தது.

படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: “நீ வெட்டுனது தப்பில்ல சொர்ணம். உசுரு பெருசு. ஆனா அவ முழிச்சுத்தான கெடந்தா? ‘வெட்டப் போறேன்’னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.” தாலி அடிமைத்தனம் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த நான், ஒரு பெண்ணிடம் கேட்காமல் அவள் கழுத்தில் கை வைத்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஒரு கல்லூரி ஆசிரியை ஆபரேஷனுக்கு வந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியிலும் இல்லை, கணவர் வெளியே நிற்கிறார். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, “கல்யாணம் ஆயிட்டுன்னு எழுதியிருக்கு, தாலி எங்கே?” என்று கேட்டுவிட்டாள். அக்கா நூலைக் கையில் எடுக்கவே இல்லை. “எழுதியிருக்குலா, பெறகென்ன கேள்வி? நகை ஒன்னும் இல்லன்னு குறிச்சிட்டு அடுத்ததப் பாரு” என்றார்.

என் கணவர் ஆறு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போனார். நான் வெறும் கழுத்தோடு வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பேசச் சங்கடப்பட்டார்கள். அக்கா ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து எனக்கும் தனக்கும் நடுவில் போட்டு, மடி என்றார். மத்தியானம் வரை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மாதங்களுக்கு முன் என் மகள் நிலாவுக்குக் கல்யாணம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பெண், அவளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. சடங்குகளைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கினாள். “தாரை வாக்கது வேண்டாம்மா. நான் என்ன பொருளா, தூக்கிக் குடுக்கதுக்கு? கால்ல விழுகதும் கிடையாது. தாலி மட்டும் வேணும்.” அது மட்டும் எதற்கு என்று கேட்டேன். “எனக்குப் பிடிச்சிருக்கு. மெட்டியும் பிடிச்சிருக்கு, அவனும் போட்டுக்கிடுதேன்னு சொல்லிட்டான்” என்றாள். இதை அக்காவிடம் வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “இனிமே ஆம்பளைக்கும் மெட்டி களத்துத வேலை நமக்கு” என்றார்.

மணமேடையில் பெற்றோர் இடத்தில் கொழுந்தனும் அவர் மனைவியும் நிற்கட்டும் என்று உறவில் பேச்சு வந்தது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நிலா முறைத்தாள். நான்தான் அவளை அடக்கினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, யார் நின்றால் என்ன என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, பட்டுச்சேலையில் நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஜெசிந்தா அக்கா என் பக்கத்தில் இருந்தார்.

தாலி கட்டுவதற்கு முன், அதைத் தாம்பாளத்தில் தேங்காய் மேல் வைத்து, பூவும் அட்சதையும் தூவி, சபை முழுக்கக் கொண்டு வருவார்கள். எல்லோரும் தொட்டு வாழ்த்த வேண்டும். கொழுந்தன் மனைவிதான் எடுத்து வந்தாள். எங்கள் வரிசைக்கு வந்தபோது தாம்பாளத்தை லேசாகத் திருப்பி, என்னை விட்டுவிட்டு அடுத்தவரிடம் நீட்டினாள். அவள் கெட்டவள் இல்லை. காலங்காலமாகச் செய்கிற ஒன்றை யோசிக்காமல் செய்தாள். அக்கா எழுந்து போய் அவள் தோளைத் தொட்டு, “பெத்தவ இன்னும் தொடலைம்மா” என்றார். அவள் பதறிப்போய்த் தாம்பாளத்தை அப்படியே அக்கா கையில் கொடுத்துவிட்டாள்.

தாம்பாளம் என் முன்னால் வந்து நின்றது. என் இரண்டு கையும் முந்தானைக்குள் போய்விட்டன.

“வேண்டாம்க்கா. கொண்டு போயிருங்க.”

“நம்பிக்கை இல்லாததுனாலயா?”

பத்தொன்பது வருடம் வாய் கிழியப் பேசியவள் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். “பயமா இருக்குக்கா. எங் கை பட்டு அவளுக்கு ஏதும் ஆயிட்டா?”

அக்கா குனிந்து, என் காதில் மட்டும் விழும்படி சொன்னார்: “ஆச்சுன்னா யாரு போயி நிப்பா? ஒங் கொழுந்தன் பொண்டாட்டியா? நீதான போயி நிக்கணும். அப்பவும் இந்தக் கைதான போவணும்.” பிறகு நிமிர்ந்து, “தொடாட்டியும் பரவால்ல. நான் சொல்லிக்கிடுதேன். ஆனா நம்பிக்கை இல்லாததுனால தொடலன்னு சொல்ல மாட்டேன். பயந்துட்டான்னுதான் சொல்லுவேன்” என்றார்.

நேரமாகிறது என்று மேடையிலிருந்து ஐயர் குரல் கொடுத்தார். நாதஸ்வரக்காரர் வாயில் வைத்த சீவாளியை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவசரப்படவில்லை. களக்காட்டுப் பெண்ணின் கட்டிலருகே நின்ற மாதிரியே நின்றார். மேடையில் நிலா தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளாலும் தாலியைத் தொட்டேன். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை.

சாப்பிட்டு எழுந்தபோது அக்காவிடம், “அப்ப இந்தக் காலத்துப் பொண்ணுவளுக்குத் தாலி வேணுங்கியளா, வேண்டாங்கியளா? இன்னைக்காவது ஒரு முடிவச் சொல்லுங்க” என்றேன். “என்னையக் கேக்காத. கட்டுதவளக் கேளு” என்று சொல்லிவிட்டு, உவரி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். அதற்கு ஐந்து வாரம் கழித்துத்தான் அந்தக் காலைப் பூசை.

உங்களில் பலர் அடக்கத்துக்கு உவரி வந்திருந்தீர்கள். அவரிடமிருந்து உனக்கென்று எதை வைத்துக்கொண்டாய் என்று அன்று ஒருவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

போன வாரம் நிலா அழைத்தாள். மருமகன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார், வலது கையில் எலும்பு முறிவு. பொய் சொல்ல மாட்டேன், அவள் சொல்லி முடிப்பதற்குள் என் பார்வை என் கைக்குத்தான் போனது. முன்பு என்றால், என் கை பட்டதால்தான் இது என்று நினைத்து, காசு மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலேயே கிடந்திருப்பேன். அக்கா எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது, பயந்துகொண்டே போய் நிற்கிற தைரியம். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமே கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

நிலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மூன்று நாளும் மத்தியானச் சோற்றைப் பிசைந்து மருமகனுக்கு நான்தான் ஊட்டினேன். முதல் வாய்க்கு அவர் கூச்சப்பட்டார். இரண்டாம் வாய்க்கு, ரசம் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.