இளமாறன் கேட்ட மேசை

கண்ணுகளா, உங்களைப் பயமுறுத்த நான் இட்டுக்கட்டிச் சொன்ன கதைகளும் உண்டு. இது அதில் சேராது. இது எனக்கு நடந்தது. போன ஆனி மாதம், சங்கராபுரத்தில், என் சொந்த வீட்டில், வெயில் கொளுத்துகிற உச்சி வேளையில். படிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் வீரமுத்து தச்சு வேலை செய்கிறவர். வீட்டை ஒட்டியே தகரக் கொட்டகை போட்ட பட்டறை. அறுப்பதும் இழைப்பதும் பொருத்துவதும் அவர். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் நான்.

என் தம்பி இளமாறன் கள்ளக்குறிச்சியில் மனை விற்கிற ஆபீஸ் திறக்கப் போவதாகச் சொன்னான். தனக்கென்று அளவு சொல்லி ஒரு மேசை கேட்டான். அம்மா இறந்தபோது அவனுக்கு இரண்டு வயது. என் இடுப்பில் வளர்ந்தவன். அவன் ஒன்று சொன்னால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். நான்கு வருஷத்துக்கு முன் அவன் மனைவி சிவரஞ்சனி காணாமல் போனபோது, "எவனோடயோ ஓடிட்டா அக்கா" என்று அழுதான். நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? ஊரெல்லாம் அவளைத் தூற்றினேன்.

மேசைக்கு மரமும் அவனே கொண்டுவந்தான். மணலூர்பேட்டையில் இடித்த பழைய வீட்டு உத்திரம், இலுப்பை என்றான். ஒரு பலகையில் மட்டும் துருப்பிடித்த ஆணிகள் இருந்தன.

"மாமா, இந்தப் பலகை மேசைக்கு அடியில, நான் கால் வெக்கற எடத்துல வரணும். ஆணிங்கள மட்டும் புடுங்காதீங்க."

"இன்னாடா இது, ஆணியோட மேசையா? எனக்கு ஊர்ல ஒரு பேர் இருக்குதுடா."

"வாஸ்துக்காரர் சொன்னாரு மாமா."

"அப்போ அந்த ஆளையே வந்து இழைக்கச் சொல்லு."

தம்பி சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"பழைய உத்திரம்னா காஞ்சு கெடக்கணும். இதுல ஈரம் ஜாஸ்தி. வெட்டி ஒரு வருசம் கூட ஆவல."

"புயல்ல வுழுந்த மரமா இருக்கும். உடுங்க."

"உத்திரத்துல ஆணி வரிசையா இருக்கும். இது வட்டமா அடிச்சிருக்குது, பாரு."

ஏழு ஆணிகள். சின்ன வட்டம். அவற்றின் தலையைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ நார் மாதிரி ஒட்டியிருந்தது.

ஆணி இருக்கிற பலகையை எந்தத் தச்சனும் இழைக்க மாட்டான். இழைப்புளியின் முனை போய்விடும். அடியில்தானே வரப்போகிறது, இவனுக்கு என்ன தெரியும் என்று, வியாழக்கிழமை காலையில் ஏழையும் குறட்டால் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டார். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது 'ங்ங்...' என்று ஒரு சத்தம். ஈர மரம் அப்படித்தான் கத்தும் என்றார்.

வெள்ளிக்கிழமை மேசை எழுந்து நின்றது. பூட்டு வாங்க அவர் 11.40 பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போனார். பட்டறையில் நான் மட்டும்.

மணி 12.10. மேசையின் மேல் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

சரக்... சரக்... சரக்...

கை வலித்தது. நிறுத்தினேன்.

சரக்... சரக்...

மேசைக்கு அடியிலிருந்து.

எலி என்று நினைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தேன். நிறுத்தினேன். இந்த முறை நான்கு இழுப்பு கேட்டது.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் அந்த அடிப்பலகைக்குக் கீழே புதிதாக மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. அந்தப் பலகையில் நான் இன்னும் தாளே வைக்கவில்லை.

12.17. இழுப்பறையை உள்ளே தள்ளினேன். காலையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. இப்போது நான்கு விரல் இடைவெளி விட்டு நின்றது. அழுத்தித் தள்ளினேன். உள்ளே ஏதோ மெத்தென்று தடுத்தது.

இழைத்த சுருள் அடைத்திருக்கும் என்று கையை உள்ளே விட்டேன்.

விரல்கள்.

என் கையைப் பிடித்தன. நெரிக்கவில்லை... இழுக்கவில்லை... கெஞ்சுகிறவர்கள் பிடிப்பார்களே, அப்படி.

கண்ணாடி வளையல் ஒன்று என் மணிக்கட்டில் ஜில்லென்று உரசியது.

"அண்ணி..."

என்னை அப்படிக் கூப்பிட்டவள் சிவரஞ்சனி ஒருத்திதான்.

"அண்ணி... நான் எங்கியும் போவல."

பிடி விட்டது. இழுப்பறை தானாக மூடிக்கொண்டது.

டக்.

12.19.

விழுந்து எழுந்து வெளியே ஓடிவந்து தம்பிக்குப் போன் செய்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அவன்தான் ஞாபகம் வந்தான், பாருங்கள். "தம்பி..." என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ஆணியப் புடுங்கிட்டீங்களா?"

என்ன ஆச்சு அக்கா, ஏன் அழுகிறாய்... அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"சொல்லு அக்கா! ஏழும் புடுங்கிட்டாரா? ஒண்ணாவது வுட்டு வெச்சிருக்காரா?"

இவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தே என் வீட்டில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான்.

"சிவரஞ்சனி எங்கடா?"

போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் டப்பாவைக் கொட்டிப் பார்த்தோம். ஏழு ஆணியிலும் சுற்றியிருந்தது நார் இல்லை. நீளமான தலைமுடி.

மரம் ஏற்றிவந்த வண்டிக்காரரைக் கேட்டோம். மணலூர்பேட்டையும் இல்லை, உத்திரமும் இல்லை. கல்வராயன் மலையில் செல்லன் என்ற பூசாரி, பேய் பிடித்தவர்களின் முடியை ஆணி அடித்துக் கட்டுகிற இலுப்பை மரமாம். புயலில் சாய்ந்துவிட்டதாம்.

மறுநாளே மலைக்குப் போனோம். செல்லன் எதையும் மறைக்கவில்லை.

"எல்லாரும் ஆள இட்டுக்கினு வருவாங்க. உங்க தம்பி முடிய மட்டும் மடிச்சு எடுத்தாந்தாரு. செத்துப்போன பொண்டாட்டி தொல்ல குடுக்கறான்னாரு. மரம் சாஞ்சதும், ஆணி இருக்கற துண்ட உன் காலடியிலயே வெச்சிக்கோன்னு நான்தான் சொன்னேன்."

செத்துப்போன பொண்டாட்டி.

செல்லன் என் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அக்காவா?... பொண்டாட்டி முடிய எடுத்தாந்த அன்னிக்கே இன்னொரு பொட்டலமும் எடுத்தாந்தாரு. நரை முடி. உசுரோட இருக்கற ஆளு, என் பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாதுன்னாரு. அத நான் மரத்துல அடிக்கல. ஆணிய மந்திரிச்சுக் குடுத்தேன். அவங்க வூட்லயே அடிச்சிக்கறேன்னு வாங்கிக்கினு போயிட்டாரு."

தச்சன் வீடு, கண்ணுகளா. வாசக்கால், பரண், பட்டறைக் கொட்டகை, நான் படுக்கிற கட்டில்... எத்தனை ஆயிரம் ஆணி! பத்து மாதமாக என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறார். இன்னும் அகப்படவில்லை.

அவர் போலீசில் எழுதிக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்றது என் வாய். மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் அதேதான். எழுத வருகிறது. சொல்ல வரவில்லை.

நேற்று அவன் போன் செய்தான்.

"அக்கா, சாப்ட்டியா?"

"அவள நீதான்டா கொன்ன" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாப்ட்டன்டா கண்ணு. நீ சாப்ட்டியா?" என்றேன்.