தொட்டியில் படுத்த எருமை

மாசாணியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புகளுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில் அவளுக்குக் கோர் செய்யும் வேலை. பம்புக்குள் தண்ணீர் ஓடும் பொந்து உண்டாவதற்காக, மணலைப் பிசைந்து அச்சில் அடைத்துச் சுட்டு வைப்பார்களே, அதற்குத்தான் கோர் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் கொஞ்சம் கண்ணயர்வார்கள். அவள் மிச்ச மணலில் ஓணான் செய்வாள், கீரி செய்வாள். சாயங்காலம் எல்லாம் மணற்குவியலோடு போய்விடும்.

தொண்ணூற்று நான்கில் ஒருநாள் ஆந்தை செய்தாள். அதை மட்டும் கலைக்க மனம் வரவில்லை. கோர்களோடு சேர்த்து அடுப்பில் வைத்துவிட்டாள். மேனேஜர் வேலுமணி அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி பாலுசாமி உள்ளே வந்தார். ஆந்தையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் அறைக்கு எடுத்துப் போய் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

அந்த வருசம்தான் கம்பெனி முகப்பில், மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்தபடி, பெரிய தொட்டி ஒன்று கட்டினார்கள். தங்கள் பம்பு தண்ணீர் கொட்டுவதை ரோட்டில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பது பாலுசாமியின் ஆசை. தொட்டிக்கு இரண்டு பக்கமும் சிமெண்டுச் சிங்கம் வைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மாசாணியம்மாள் மணல் ஒட்டிய கையோடு முதலாளி அறைக்குப் போனாள். அதற்குமுன் அவள் அந்தப் படி ஏறியதே இல்லை.

"ஏனுங்க மொதலாளி, சிங்கத்த நம்மூர்ல ஆருங்க பாத்திருக்கறாங்க? நம்ம இரும்புலயே ஒரு எருமை பண்ணித் தாரனுங்க. தண்ணிக்குள்ள படுத்திருக்கற மாதிரி."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வேலுமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "எமன் வாகனத்தக் கொண்டாந்து வாசல்ல வெக்கறதா?"

"நீங்க குடிக்கற டீயே எருமைப்பால்தானுங்களே. குடிக்கறப்ப எமன் நெனப்பு வருதுங்களா?"

பாலுசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "செரி, பண்ணு. பாக்கலாம்" என்றார்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களில் மாசாணியம்மாளின் வீட்டார் கூலி வேலை செய்தவர்கள். கல்யாணம் ஆகும்வரை அவள் பண்ணை எருமைகளை மேய்த்தாள். தண்ணீரில் கிடக்கும் எருமை மூக்கை மட்டும் எப்படித் தூக்கிக்கொள்ளும், ஈ உட்கார்ந்தால் எந்தக் காது முதலில் அடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்குள் அப்படியே இருந்தது. வேலை முடிந்தபின் தினமும் கொஞ்ச நேரம் களிமண்ணில் பிடித்தாள். ஒரு தலை, தனியாக ஒரு முதுகு, முதுகின்மேல் ஒரு ரெட்டைவால் குருவி. அவ்வளவுதான்.

பார்க்க வந்த பாலுசாமி குழம்பிப் போனார். "ஏனம்மணி, காலெங்க? வவுறெங்க?"

"அதெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குதுங்க."

அவர் மறுபடி ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "இருக்குது, இருக்குது" என்று தலையாட்டினார்.

அவளுடைய புருசன் மயில்சாமி அதே பவுண்டரியில் மோல்டர். மணலில் அச்செடுத்தது அவன்தான். முதல் வார்ப்பில் முதுகும் குருவியும் அருமையாக வந்தன. தலையில்தான் கோளாறு. ஒரு கொம்பு பாதியோடு நின்றுவிட்டது. "ஒத்தக்கொம்பு எருமை" என்று ஆட்கள் கேலி பேசினார்கள். மாசாணியம்மாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

"நுனி மெலிசு. இரும்பு அங்க போறதுக்குள்ள ஆறிப்போயிருது" என்றான் மயில்சாமி.

"அடைஞ்ச காத்து போறதுக்கும் வழி இல்லீங்க மாமா. நுனியில ஒரு ஓட்டை வெச்சுப்போட்டு ஊத்துனா என்னங்க?"

இரண்டையும் செய்தார்கள். கொம்பைக் கொஞ்சம் தடிமனாக்கி, நுனியில் காற்றுக்கு வழிவிட்டு மறுபடி அச்செடுக்கத் தயாரானார்கள். அப்போது பாலுசாமி கம்பெனிப் பெயருக்கான அச்செழுத்துகளைக் கொடுத்தனுப்பினார், கழுத்தில் பதிக்கச் சொல்லி. மாசாணியம்மாள் அவற்றை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறையாக அந்தப் படி ஏறினாள்.

"கம்பெனி பேரு இருக்கட்டுமுங்க. கூட எம்பேரும் போடோணுமுங்க."

அங்கிருந்த வேலுமணி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பவுண்டரியில் வார்த்த எந்த இரும்பிலும் வேலையாள் பெயர் இருந்ததில்லை. பாலுசாமி மேசைமேல் இருந்த ஆந்தையைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நம்மகிட்ட இங்கிலீஷ் எழுத்துத்தான இருக்குது?"

"தமிழ் எழுத்த நானே செதுக்கிக்கறனுங்க."

"அப்பறமென்ன? பெருசாவே போடு."

வார்ப்பு இறுகியபின் மயில்சாமி மணலைத் தட்டிவிட்டான். இரண்டு கொம்பும் நுனிவரை வந்திருந்தன. கழுத்தோரம் 'மாசாணியம்மாள்' என்று புடைத்து நின்றது. அவள் சூடு தணிவதற்குள் விரலை வைத்துப் பார்த்துச் சுட்டுக்கொண்டாள்.

தை மாதம் தொட்டிக்குப் பூசை போட்டுப் பம்பை ஓட்டினார்கள். காலித் தொட்டியில் தலை ஓரிடத்திலும் முதுகு ஓரிடத்திலுமாகக் கிடந்ததைப் பார்த்து, வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். தண்ணீர் ஏற ஏற இரண்டும் ஒரே எருமையாயின. கரிய முதுகு ஈரத்தில் மின்னியது. வேலுமணிதான் முதலில் கைதட்டினார்.

அதன்பின் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மீன்கொத்தி, ஒரு மில்லுக்கு உடும்பு என்று அவள் நிறையச் செய்தாள். எல்லாவற்றிலும் பெயர் போட்டாள். கோர் வேலையையும் விடவில்லை.

இரண்டு வருசத்தில் பஸ்காரர்கள் அந்த நிறுத்தத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் அவள் கோயமுத்தூரிலிருந்து திரும்பும்போது கண்டக்டர் கத்தினார்: "எருமைத்தொட்டி எல்லாம் எறங்குங்க!"

பக்கத்துச் சீட்டுப் பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "அட, நெசமான எருமைன்னுல்ல நெனச்சேன்! ஆருங்க பண்ணுனது?"

மாசாணியம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாந்தானுங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினாள்.