எட்டு மணிக் கோடு

என் பெரியப்பா வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடங்களாக ஒருவர்கூட லேட்டாக வந்ததில்லை. எழுபது பேர் வேலை செய்யும் இடம். மழை வருகிறது, பஸ் பஞ்சராகிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. எல்லாம் வருகின்றன, லேட் மட்டும் வருவதில்லை.

அதற்குக் காரணம் பெரியப்பா. இந்த விஷயம் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

அவர் அங்கே டைம் கீப்பர். வாயிலை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பெரிய வருகைப் பதிவேடு. வருகிறவர்கள் ஒருவர் கீழ் ஒருவராகக் கையெழுத்துப் போடவேண்டும். காலை எட்டு மணிக்குக் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அவர் ஒரு சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே போடுகிறவர் லேட். விதி அவ்வளவுதான்.

எட்டு அடித்ததும் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு மர ஸ்கேலைத் துடைப்பார், நேற்றைய மை ஒட்டியிருக்கலாம் அல்லவா? சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒரு துண்டுத் தாளில் தேதியை எழுதிப் பார்ப்பார். ஸ்கேலைப் பதிவேட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கத்திலிருந்து பார்ப்பார். எழுந்து போய் வலது பக்கத்திலிருந்தும் பார்ப்பார். இதற்குள் யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தி மறுபடியும் இடது பக்கப் பார்வையிலிருந்து ஆரம்பிப்பார். கோடு விழும்போது மணி எட்டு ஏழு ஆகியிருக்கும். பெரியப்பாவைப் பொறுத்தவரை அது எட்டு மணிக் கோடு. எட்டு மணிக்கு ஆரம்பித்தது எட்டு மணிக் கோடாகத்தானே இருக்கமுடியும்?

வேலையில் சேர்ந்த முதல் மாதம் அவர் வேகமாகத்தான் கோடு போட்டாராம். ஒருநாள் கை நழுவி, கோடு ஒரு லோடு ஏற்றுகிறவரின் பெயர் மேலேயே ஓடிவிட்டது. தன் பெயரை அடித்து வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து அந்த மனிதர் வீட்டுக்குப் போய், மனைவியிடம் சொல்லி, இருவரும் சேர்ந்து அழுது, சாயங்காலம் மாமனார் வரை எல்லோரும் தொழிற்சாலை வாயிலுக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பெரியப்பா அவசரத்தில் ஒரு கோடும் இழுத்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். "கல்யாண ரெஜிஸ்டர்ல இவரு கையெழுத்துப் போட்டு முடிக்கறதுக்குள்ள வந்தவங்கள்ல பாதிப் பேரு சாப்பிட்டுட்டு ஊருக்குக் கிளம்பிட்டாங்க" என்பாள் பெரியம்மா. "எழுத்து அழகா இருந்துச்சா இல்லையா?" என்று பெரியப்பா கேட்பார். "இருந்துச்சு, இருந்துச்சு. பார்க்கத்தான் ஆள் இல்லை."

ஆனால் அவர் ஒருநாளும் நேரம் தவறியவர் அல்லர். ஏழரைக்கு அலுவலகத்தில் இருப்பார். அதற்காக நாலரைக்கு எழுந்துகொள்வார்.

நான் அதே தொழிற்சாலையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யும் வேலையில் இருக்கிறேன். சென்ற வருடம் புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் வாயிலில் விரல் வைக்கும் இயந்திரம் ஒன்றை மாட்டினார். ஒரு வாரம் சோதனை ஓட்டம், பதிவேடும் இருக்கும், இயந்திரமும் இருக்கும். வார முடிவில் இயந்திரம் சொன்னது, தினமும் சராசரியாகப் பத்தொன்பது பேர் லேட் என்று. பதிவேடு சொன்னது, ஒருவரும் இல்லை என்று.

பெரியப்பாவுக்கு மெமோ போனது. லேட்டாக வந்தவர்களை ஏன் லேட் என்று குறிக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தேவை. விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் கோடு போடும் வேலை ரத்து, அவர் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றப்படுவார். அந்த மெமோவை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவள் நான்தான். பெரியப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "மார்ஜின் நல்லா விட்டிருக்கேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. "கிடங்குல என்ன கோடு போடறது? அங்க எலிதான் வரும், போகும்."

"அதுக்கும் ஒரு ரெஜிஸ்டர் வச்சுக்கோங்க" என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே இரண்டாவது டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அவர் என்னைக் கூப்பிட்டார். "லேட்டு லேட்டுன்னு மெமோல மூணு இடத்துல போட்டிருக்கு. அது யாரு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம நான் எப்படிப் பதில் எழுதறது? பெரிய அகராதில பார்த்துச் சொல்லு."

நூலகத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து படித்துக் காட்டினேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மெதுவான, மந்தமான என்றுதான் பொருள். லத்தீனில் அதற்குத் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது, அதற்குக் களைத்துப்போன என்று பொருள். பிறகுதான் நேரம் கடந்து வருவது என்ற பொருள் சேர்ந்தது. அதற்கும் பிறகு, இறந்துபோனவர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற வழக்கம் வந்தது. கடைசி என்பதற்கு அவர்கள் சொல்லும் லாஸ்ட், இதன் வயிற்றில் பிறந்ததுதான். லேட்டஸ்ட் என்றால் ஆகப் புதியது.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று புரிந்தது.

"பாவம்மா" என்றார். "இது ஒரே ஆளோட கதை மாதிரி இருக்கே. முதல்ல களைச்சுப் போனான். களைச்சவன் மெதுவா நடந்தான். மெதுவா நடந்தவன் நேரம் கழிச்சு வந்தான். வந்தவனைத் திட்டியே சாகடிச்சுட்டாங்க. அப்புறம் பார்த்தா, புதுச் சட்டை போட்டுக்கிட்டு லேட்டஸ்ட்டுன்னு வந்து நிக்கறான்!"

"உங்களைவிட அவன் தேவலை" என்றாள் பெரியம்மா. "நீங்க இன்னும் ரெண்டாவது கட்டத்துலயே நிக்கறீங்க."

அன்றும் மறுநாளும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சாரம் இதுதான்: இந்தச் சொல் பிறந்தபோது மெதுவாக இருப்பவர்களைத்தான் குறித்தது. எங்கள் தொழிலாளர்கள் வாயிலில் ஓடித்தான் வருகிறார்கள், ஒருவரும் மெதுவாக வருவதில்லை. ஆகவே மூலப் பொருளின்படி யாரும் லேட் அல்லர். பிற்காலப் பொருளின்படி பார்த்தாலும், கோட்டுக்குக் கீழே கையெழுத்து இல்லை. அதற்கும் பிற்காலப் பொருளின்படி பார்த்தால், கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது பக்கம் வந்தது. அவர் சொன்னதை மாற்றாமல் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்தேன். மார்ஜின் நன்றாக விட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கே விளக்கம் மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது. மேனேஜருக்கும் அன்று ஒரு கெடு இருந்தது. கோட்டை ஒழிக்கவேண்டும் என்ற தன் அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அன்றைய தபாலிலேயே அனுப்பவேண்டும். அங்கே திங்கட்கிழமை கூட்டம். விட்டால் அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்துத்தான். ஆனால் கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தபோதெல்லாம் அவர் பெரியப்பாவின் விளக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார். ஏழாம் பக்கத்தில் ஒருதரம் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்த லாஸ்ட் விஷயம் உண்மையாம்மா?" என்று கேட்டார். "உண்மைதான் சார்" என்றேன். அலமாரியிலிருந்து தன் அகராதியை எடுத்தார். அதோடு மதியம் போயிற்று.

சாயங்காலத் தபால் பதிவேடும் பெரியப்பாவிடம்தான். ஐந்து மணிக்கு அதிலும் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே பதிந்தது அன்றைய பையில் போகும், கீழே பதிந்தது திங்கட்கிழமைதான்.

மணி ஐந்து அடித்தது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தார். நான் தபால் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பசைப் பிரிவு மேற்பார்வையாளரான பசை அக்காவும் ஏதோ சாக்குச் சொல்லி அங்கேயே நின்றாள். ஸ்கேல் துடைத்தாயிற்று. துண்டுத் தாளில் தேதி எழுதியாயிற்று. இடது பக்கப் பார்வை முடிந்து, வலது பக்கத்துக்கு அவர் எழுந்துபோன நேரம், மேனேஜர் கையில் உறையோடு ஓடிவந்தார். கடிகாரத்தில் ஐந்து ஐந்து.

"கோடு போட்டாச்சா?"

"போட்டுட்டே இருக்கேன் சார்."

"இன்னும் விழலையே?"

"விழலை சார்."

"அப்ப நான் லேட் இல்லை?"

"கோடே போடலையே சார், எப்படி லேட் ஆகும்?" பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தினார்.

மேனேஜர் நிம்மதியாகப் பேனாவை எடுத்தார். எண் எழுதினார், தேதி எழுதினார், பெறுநர் எழுதினார். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது.

"அங்க விஷயம் எழுதணும் சார்" என்றார் பெரியப்பா. "விஷயம் இல்லாம பதிய முடியாது."

மேனேஜர் கட்டத்தைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார், ஐந்து ஆறு. கோடு நேரம் கடந்து போடப்படுகிறது என்பதுதான் விஷயம். அதை எழுதலாம், இன்றைய தபாலிலேயே போகும். நேரத்துக்குக் கோடு விழுந்திருந்தால் எழுதவே முடியாது. அவர் நெற்றி வியர்த்தது. பசை அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் எழுதுங்க சார்" என்றார் பெரியப்பா, அன்போடு. "எனக்கு டைம் ஆகுது."

மேனேஜர் சட்டென்று சிரித்துவிட்டார். பேனாவை மூடினார்.

"விஷயம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி, உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியப்பாவுக்கு அரைகுறையாக எழுதிய வரிதான் வருத்தமாக இருந்தது. அதை அழகாக அடித்து, பக்கத்தில் 'விஷயம் இல்லை' என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டார். ஐந்து பத்து ஆகிவிட்டது.

திங்கட்கிழமை விரல் இயந்திரம் கிடங்குக்குப் போயிற்று. மெமோ திரும்பி வந்தது, ஓரத்தில் 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதி. பெரியம்மா அதைக் கேட்டு, "ஒன்பது பக்கத்தையும் படிச்சானா அந்த மனுஷன்?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு பெரியப்பாவின் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட இருந்தது.

ஆனால் பெரியப்பா மனதில் ஏதோ உறுத்தியிருக்கவேண்டும். மறுநாள் காலை, எட்டு அடித்த பிறகு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திடீரென்று கையை நிறுத்திவிட்டார். அப்போதுதான் பசை அக்கா வாயிலில் செருப்பு பிய்ந்துவிடும் போல ஓடிவந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. நான் ரொம்ப மெதுவா?" என்று கேட்டார் பெரியப்பா.

பசை அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையால் கையெழுத்துப் போட்டாள், இன்னொரு கையால் முகத்தைத் துடைத்தாள்.

"யார் சார் சொன்னது? நீங்க கரெக்ட் டைம். நாங்கதான் தினம் கொஞ்சம் சீக்கிரம் வந்துடறோம்."

பெரியப்பா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தினார்.